சுகர் மாத்திரையும் நடைப்பயிற்சியும்: இரண்டையும் சேர்த்து நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஆறு மணி. ஒரே பூங்கா, ஒரே வேகம், ஒரே முக்கால் மணி நேரம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர் வெறும் வயிற்றில் நடந்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு டிபன் சாப்பிடாமல் வந்தவர் ஐந்தாவது சுற்றில் வியர்த்து, கை நடுங்கி, பெஞ்சில் சாய்ந்துவிடுகிறார். நடையும் நல்லதுதான், மாத்திரையும் நல்லதுதான். எந்த மாத்திரை, எந்த நேரம், வயிற்றில் என்ன இருந்தது என்பதுதான் இருவரையும் பிரித்தது.

இந்த வழிகாட்டி முக்கியமாக டைப் 2 நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கானது. டைப் 1 உள்ளவர்களுக்குத் தேவையானது தனியாக ஓரிடத்தில் வருகிறது. கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு. அவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். இங்கே சொல்லும் மருந்து அளவு மாற்றங்கள் எல்லாம் டாக்டரிடம் பேசி முடிவெடுக்க உதவுபவை. வீட்டில் தாமாகவே மாற்றிக்கொள்வதற்கானவை அல்ல.

முதல் வேலை: அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

"நான் மெட்ஃபார்மின்தான் போடுகிறேன்" என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் காம்பினேஷன் மாத்திரைகள்தான் அதிகம். பெயரின் வாலில் ஜிபி 1, எம் 2 என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் உள்ளே கிளிமிபிரைடு 1 மி.கி. அல்லது 2 மி.கி. இருக்கும். பெயரை நம்பாமல் அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். கண் தெரியவில்லை என்றால் மருந்துக்கடைக்காரரைப் படிக்கச் சொல்லுங்கள்.

எழுதியதை இரண்டு குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், லோ சுகரை (ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவதை) வரவழைக்கக்கூடியவை: கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, ரெபாகிளினைடு, மற்றும் எல்லா வகை இன்சுலினும்.

இரண்டாவது குவியல், தனியாகச் சாப்பிடும்போது லோ சுகர் வருவது அரிதானவை: மெட்ஃபார்மின், வில்டாகிளிப்டின், சிடாகிளிப்டின், லினாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், பயோகிளிடசோன், வோக்ளிபோஸ், அகார்போஸ், செமாகுளுடைடு, லிராகுளுடைடு, டுலாகுளுடைடு.

முதல் குவியலில் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், நீங்கள் முதல் குவியல் ஆள். எல்லாமே இரண்டாவது குவியலில் இருந்தால், கீழே வரும் "கிளம்பும் முன் எவ்வளவு இருக்க வேண்டும்" என்ற கணக்குகளைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் நடக்கலாம். இந்த ஒரு பிரிவினை தெரியாததால்தான் ஒரு பக்கம் தேவையில்லாத பயம், இன்னொரு பக்கம் தேவையான பயம்கூட இல்லாத நிலை.

ஏன் இந்த வித்தியாசம்

தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்த இழப்பை ஈடுகட்ட கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடும். சரியாக இயங்கும் உடலில், நடக்கத் தொடங்கியதும் கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்வதால் இந்த வரவு செலவு சமன்படுகிறது.

கிளிமிபிரைடு வகை மாத்திரைகள், சர்க்கரை குறைந்திருந்தாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஊசியில் போட்ட இன்சுலினையோ திரும்ப எடுக்க முடியாது. இன்சுலின் மிகுந்திருக்கும்வரை கல்லீரல் சர்க்கரையை அவிழ்க்காது. தசை இழுக்கிறது, கல்லீரல் கொடுக்கவில்லை. மீட்டரில் எண் சரிகிறது. சிடாகிளிப்டின் போன்றவை சர்க்கரை ஏறும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டுவதால் அந்த ஆபத்து அவற்றில் குறைவு.

தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

சும்மா வேகமாக நடப்பதற்கு எல்லோருக்கும் டிரெட்மில் டெஸ்ட் தேவையில்லை. ஆனால் மாடி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், எழுந்து நின்றால் தலை கிறுகிறுப்பு, நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் வலி விடுவது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் டாக்டர், பிறகுதான் ஷூ. சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். திடீர்க் களைப்பையும் மூச்சு வாங்குவதையும் "வயசாகிவிட்டது" என்று தள்ளிவிடக் கூடாது.

கண் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. விழித்திரையில் புதிய ரத்த நாளங்கள் முளைத்திருக்கும் அளவுக்குப் பாதிப்பு முற்றியிருந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்குவது, குதிப்பது, சிரசாசனம் போலத் தலைகீழாக நிற்பது எல்லாம் கண்ணுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். சமதரையில் நடக்கத் தடையில்லை. ஜிம்மில் சேர்வதற்கு முன் விரித்த கண்மணியோடு விழித்திரைப் பரிசோதனை ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலில் ஓர் அடிகூட வேண்டாம், வீட்டுக்குள்ளும்தான். ஷூவை மாலையில் வாங்குங்கள். கால் அப்போதுதான் சற்று வீங்கி முழு அளவில் இருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சிறு கல் ஒன்று இரண்டு கிலோமீட்டரில் புண்ணாக்கிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு (மென்மையான ரப்பர் அடி வைத்தது) எழுதிக் கொடுத்திருந்தால் அது வீட்டுக்கும் கடைக்கும். தினசரி நீண்ட நடைக்குப் பாதத்தை முழுதாக மூடும் ஷூதான் சரி.

மாற்றத்துக்கு முந்தைய ஒரு வாரம்

நடக்கத் தொடங்குமுன் உங்கள் வழக்கமான நாளின் எண்கள் தெரிய வேண்டும். தினமும் ஆறு தடவை குத்திக்கொள்ள வேண்டியதில்லை, ஸ்ட்ரிப் விலை அப்படி. ஜோடி ஜோடியாகப் பாருங்கள்: ஒரு நாள் காலை டிபனுக்கு முன்னும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும். அடுத்த நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். மூன்றாம் நாள் இரவு. இப்படி இரண்டு சுற்று, மொத்தம் 12 ஸ்ட்ரிப். எந்த வேளைச் சாப்பாடு உங்களை அதிகம் தூக்குகிறது என்று தெரிந்துவிடும்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்தால் 300 காட்டினாலும் வியப்பதற்கில்லை. விரல் நுனியின் நடுவை விட்டு ஓரத்தில் குத்துங்கள், வலி குறைவு. தரமான மீட்டருக்கே 15 சதவீதம்வரை முன்பின் காட்ட அனுமதி உண்டு என்பதால், 142க்கும் 155க்கும் நடுவே அர்த்தம் தேடி மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: சர்க்கரை வேகமாக இறங்கும்போது சென்சார் பல நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். அறிகுறி இருந்து சென்சார் நன்றாகக் காட்டினால் விரலில் குத்திப் பாருங்கள்.

(பிரிட்டனிலும் கனடாவிலும் இருப்பவர்களின் மீட்டர் மில்லிமோலில் காட்டும். இங்குள்ள எண்களை 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 70 என்றால் 3.9, 90 என்றால் 5, 250 என்றால் ஏறக்குறைய 14.)

நேரத்தைப் பொருத்துவது

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு மிகவும் பொருந்துவது சாப்பாட்டுக்குப் பின் நடைதான். இட்லி, தோசை, சோறு எல்லாம் சாப்பிட்ட ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் சர்க்கரையை உச்சிக்கு ஏற்றும். சாப்பிட்டுக் கால் மணி முதல் அரை மணிக்குள் எழுந்து 10–15 நிமிடம் நடந்தால் அந்த உச்சி மழுங்கும். முதல் குவியல் ஆட்களுக்கு இன்னொரு லாபம், வயிற்றில் சாப்பாடு இருப்பதால் லோ சுகர் ஆபத்தும் குறைகிறது. பெரும்பாலோர் தவறவிடுவது இரவு நடை. ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்துவிட்டால் அந்தச் சர்க்கரைக்குப் போக இடமில்லை. மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் போதும்.

காலையில் வெறும் வயிற்றில் நடந்தே தீருவேன் என்பவர்கள் கிளிமிபிரைடு மாத்திரையை நடைக்கு முன் போடக் கூடாது. அது நாளின் முதல் பெரிய உணவோடு சேர்த்துச் சாப்பிட வேண்டிய மருந்து. ஆகவே வரிசை இப்படி: எழுந்திருப்பது, சுகர் பார்ப்பது, நடை, வீடு, மாத்திரை, உடனே டிபன். மாத்திரை போட்டபின் "குளித்துவிட்டு, பூஜை முடித்துவிட்டு" என்று டிபனை ஒரு மணி நேரம் தள்ளுவதுதான் பல வீடுகளில் நடக்கும் கோளாறு. ஒன்றும் சாப்பிடாமல் நடந்தும் சர்க்கரை 130லிருந்து 150க்கு ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் அவிழ்த்துவிட்ட சர்க்கரை அது, நடை வீணாகவில்லை.

30/70 கலவை இன்சுலின் போடுகிறவர்கள் கடிகாரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த ஊசியில் 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் பகுதி. அது போட்டு நான்கு மணி நேரத்துக்குப் பின் நன்றாக வலுவெடுக்கும். காலை 7.30க்குப் போட்டால் முற்பகல் பதினொன்றரையிலிருந்து மதியம்வரை சர்க்கரை தாழும் நேரம். அந்த நேரத்தில் வங்கிக்கும் ரேஷன் கடைக்கும் வெயிலில் நடப்பதும் உடற்பயிற்சிதான், உடல் வித்தியாசம் பார்க்காது. இரவு 8 மணி ஊசியின் வலு நள்ளிரவில் வரும். மாலை ஜிம்மும் இரவுக் கலவை ஊசியும் சேர்ந்தால் இரண்டு மணிக்குத் தலையணை நனைய வியர்ப்பது இதனால்தான்.

ஊசி போடும் இடமும் முக்கியம். நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ போகும் முன் தொடையில் போட்டால் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். வயிற்றில் போடுங்கள்.

கிளம்பும் முன் எவ்வளவு இருக்க வேண்டும்

இது முதல் குவியல் ஆட்களுக்கு.

70க்குக் கீழே: நடை இல்லை. கீழே சொல்லும் லோ சுகர் வைத்தியம் செய்து, ஏறிய பின்பும் அன்றைக்குக் கடும் பயிற்சி வேண்டாம்.

70 முதல் 90 வரை: 15 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சின்ன வாழைப்பழம் ஒன்று, அல்லது மாரி பிஸ்கட் மூன்று நான்கு. ஒரு மணி நேர நடை என்றால் 30 கிராம்வரை தேவைப்படலாம்.

90 முதல் 250 வரை: நடக்கலாம். 100ஐ ஒட்டி இருந்து நீண்ட நடை என்றால் பாதியில் ஒருமுறை பாருங்கள்.

250க்கு மேலே: எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதே முக்கியம். டைப் 2 உள்ளவர், உடம்பு நன்றாக இருக்கிறது, நேற்றைய கல்யாணச் சாப்பாட்டால் ஏறியது என்றால், தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், வாந்தி, வயிற்று வலி, அதிக தாகம், வேக மூச்சு இருந்தால் நடக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்சுலினை நம்பியே இருப்பவர்கள் 250க்கு மேல் இருந்தால் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) பார்க்காமல் நடக்கக் கூடாது. கீட்டோன் இருக்கிறது என்றால் உடலில் இன்சுலின் போதவில்லை. அப்போது உடற்பயிற்சி சர்க்கரையைக் குறைப்பதற்குப் பதில் ஏற்றிவிடும்.

எவ்வளவு, எப்படி

பெரியவர்களுக்கான இலக்கு வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி, அதோடு இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சி. மிதம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாடித்துடிப்பை எண்ணுவதைவிட இது நம்பகமானது. அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது.

முதல் வாரம் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம். இரண்டாம் வாரம் 15 நிமிடம். அதுவே நாளைக்கு முக்கால் மணி ஆகிவிட்டது. மூன்றாம் வாரம் ஏதாவது ஒரு நடையை மட்டும் 30 நிமிடமாக்குங்கள். நான்காம் வாரம் தசைப் பயிற்சி சேருங்கள்: கைப்பிடி பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்து முறை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள்வரை தூக்குவது பத்து முறை. இரண்டு சுற்று. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள்.

தசைப் பயிற்சியையும் வேக ஓட்டத்தையும் பற்றி ஒரு குழப்பம் உண்டு. முடித்த உடனே பார்த்தால் சர்க்கரை 20, 30 ஏறியிருக்கும். கடும் முயற்சியில் அட்ரினலின் சுரந்து கல்லீரலைத் திறந்துவிடுகிறது. அதைப் பார்த்து இன்சுலின் கூடுதலாகப் போட்டால் இரண்டு மணி நேரம் கழித்து விழுந்துவிடுவீர்கள். பொறுத்திருங்கள், தானே இறங்கும்.

உடற்பயிற்சியின் பலன் தசையில் ஒன்று முதல் மூன்று நாள்வரை நிற்கும். அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஷட்டில் ஆடுவது முதல் குவியல் ஆட்களுக்கு ஆகாத பழக்கம். ஆறு நாள் உட்கார்ந்த உடம்புக்குப் பொருத்திய மருந்து அளவு ஏழாவது நாள் அதிகமாகிவிடுகிறது.

லோ சுகர் வந்தால்

நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கோரப் பசி, உதடு மரத்துப்போவது, காரணமில்லாத எரிச்சல், பார்வை மங்கல். 70க்குக் கீழே இறங்கினால் லோ. 54க்குக் கீழே ஆபத்து, மூளை தடுமாறத் தொடங்கும். பீட்டா பிளாக்கர் வகை (மேலே சொன்ன அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற) பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடலாம், வியர்வை மறையாது. வெயில் இல்லாத நேரத்தில் நெற்றி வியர்த்தால் நில்லுங்கள்.

நின்று, உட்கார்ந்து, 15 கிராம் வேகச் சர்க்கரை சாப்பிடுங்கள்: குவியலாக ஒரு மேசைக்கரண்டி குளுக்கோஸ் பவுடர், அல்லது குவியலாக மூன்று டீஸ்பூன் சீனி தண்ணீரில் கலந்து, அல்லது 150 மில்லி சாதாரண பழச்சாறு. 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம். ஏறியபின், அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் பிஸ்கட்டோ ஓர் இட்லியோ சாப்பிடுங்கள். மீட்டர் கையில் இல்லை என்றால் சந்தேகமே போதும், சாப்பிட்டுவிடுங்கள்.

இங்கே நடக்கும் தவறுகள் பல. சாக்லேட், லட்டு, மைசூர்பாகு: நெய்யும் கொழுப்பும் சர்க்கரையைத் தாமதப்படுத்தும். இளநீர்: ஒவ்வொரு காயிலும் சர்க்கரை ஒவ்வோர் அளவு, நம்ப முடியாது. சூடான டீ: ஆற்றி ஆற்றிக் குடிப்பதற்குள் ஆள் மயங்கிவிடுவார். பயத்தில் அரை டம்ளர் சீனி கொட்டிக் குடித்து 320க்குப் போவது இன்னொரு பக்கம்.

வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது: வீட்டுச் சீனியும் வெல்லமும் உங்களுக்கு வேகமாக வேலை செய்யாது. சீனியை உடைக்கும் குடல் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. உங்கள் பையில் இருக்க வேண்டியது குளுக்கோஸ் பவுடர் மட்டுமே. மளிகைக் கடைத் தராசிலோ வீட்டுத் தராசிலோ 15 கிராம் நிறுத்துச் சின்னப் பொட்டலங்களாகப் போட்டு நடைப்பையில் இரண்டு, வண்டியில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இது மற்ற முதல் குவியல் ஆட்களுக்கும் நல்ல ஏற்பாடு.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையால் வந்த கடும் லோ சுகர், ஏற்றிய பின்பும் மறுபடி மறுபடி வரும். "குளுக்கோஸ் ஏத்தியாச்சு, எழுந்துட்டார், வீட்டுக்குப் போலாம்" என்று அவசரப்படாதீர்கள். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மருந்து வெளியேறவே நேரமாகும், ஒரு நாளுக்கு மேலும் கண்காணிப்பு வேண்டியிருக்கும்.

நடந்து முடித்து ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம். காலியான தசை தன் இருப்பை நிரப்பிக்கொள்கிறது. வழக்கத்துக்கு மேல் உழைத்த நாளில் இன்சுலின் போடுபவர்கள் படுக்கும்முன் ஒருமுறை பாருங்கள். 100க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுப் படுங்கள். காலையில் தலைவலி, நனைந்த சட்டை, கெட்ட கனவு என்றால் இரவில் இறங்கியிருக்கிறதா என்று ஒருநாள் மூன்று மணிக்கு அலாரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் என்ன கொண்டுபோவது

நான்கு வார நோட்டு. ஒவ்வொரு வரியிலும் தேதி, மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், நடந்த நிமிடம், முன் எண், பின் எண். லோ வந்த நாள்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்பதைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் பேசும்.

நடை நிலைத்தபின் லோ சுகர் தலைகாட்டினால் வழக்கமாக முதலில் குறைப்பது முதல் குவியல் மருந்தைத்தான். கிளிமிபிரைடு 2 மி.கி. 1 மி.கி. ஆகலாம். மெட்ஃபார்மினை நிறுத்த அவசரமில்லை. லோ சுகரைத் தவிர்க்க ஒவ்வொரு நடைக்கும் முன் பிஸ்கட் தின்றுகொண்டே இருப்பது தவறான வழி. மருந்துக்குத் தீனி போடுகிறீர்கள், எடைதான் ஏறும். ஒரே வாரத்தில் காரணமில்லாமல் இரண்டு முறை லோ வந்தால் அடுத்த மாதச் செக்கப்வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

டைப் 1 உள்ளவர்களும் சாப்பாட்டுக்குச் சாப்பாடு வேக இன்சுலின் போடுபவர்களும்: சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் பயிற்சி என்றால், அந்த வேளை ஊசியைக் குறைப்பதே வழக்கம். லேசான அரை மணிக்கு 25 சதவீதம், மிதமான அரை மணிக்கு 50, மிதமான ஒரு மணிக்கு 75 என்பது பேச்சைத் தொடங்க உதவும் எண்கள். கடுமையான நாளின் இரவில் நீண்ட நேர இன்சுலினையும் 20 சதவீதம் அளவுக்குக் குறைக்கச் சொல்வார்கள். நீண்ட நேர ஊசியை முழுதாக விடவே கூடாது.

மற்ற மருந்துகளின் குணம்

மெட்ஃபார்மினில் வயிறு கலங்குபவர்கள் சாப்பாட்டோடு போட்டு, நடையைக் கழிப்பறைக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள் (சிரிப்பாக இருந்தாலும் பலர் நடையை நிறுத்துவது இதனால்தான்), அல்லது மெதுவாகக் கரையும் வகை கேளுங்கள். செமாகுளுடைடு போன்றவற்றில் வயிறு மெதுவாகக் காலியாவதால் சாப்பிட்ட உடனே வேக நடை குமட்டும். கொஞ்சம் பொறுத்து நடங்கள்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை சிறுநீரில் போகும், கூடவே தண்ணீரும் போகும். சித்திரை வெயிலில், பி.பி.க்கு நீர் மாத்திரையும் சேர்ந்திருந்தால், எழுந்ததும் கண் இருட்டும். தண்ணீர் பாட்டில் கட்டாயம். பட்டினி, வாந்தி, கடும் உழைப்பு இவற்றோடு இந்த மருந்து சேர்ந்தால் மீட்டர் 180 காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடலாம். குமட்டல், வயிற்று வலி, வேக மூச்சு வந்தால் "சுகர் நார்மல்தானே" என்று இருந்துவிடாமல் மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கிரிவலம், பாதயாத்திரை, விரத நாள்

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. தினமும் இரண்டு கிலோமீட்டர் நடப்பவருக்கு இது ஏழு நாள் நடை ஒரே இரவில். போவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி அன்றைய மாலை மருந்து அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இரவுச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். கிளம்பும்போது ஒருமுறை, பிறகு மணிக்கொரு முறை பாருங்கள். முதல் குவியல் ஆட்கள் மணிக்கு 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டிவரும். பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. பகல் வெயிலில் தார்ச்சாலை கொப்பளம் போடுவதுகூட அவர்களுக்குத் தெரியாது. முடிந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நாள்கணக்கில் நடப்பவர்களுக்கு நாள் போகப் போக மருந்து அதிகமாகிவிடலாம்.

ஏகாதசி, சஷ்டி, நோன்பு நாள்களில் சாப்பாடு இல்லாமல் கிளிமிபிரைடும் நடையும் சேரக் கூடாது. அன்றைக்கு மருந்து என்ன செய்வது என்று முன்கூட்டியே கேளுங்கள். நடையை விரதம் முடித்துச் சாப்பிட்ட பின் வையுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

முறையான உடற்பயிற்சி, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியைச் சராசரியாக 0.6 அல்லது 0.7 புள்ளி குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு மாத்திரையின் பலனுக்கு அருகில் வரும் எண் இது. நீரிழிவு இன்னும் வராமல் விளிம்பில் இருப்பவர்களைப் பற்றி 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் கண்டது சுவையானது: உணவு, நடை மாற்றம் 28.5 சதவீதமும், மெட்ஃபார்மின் 26.4 சதவீதமும் நோய் வரும் வாய்ப்பைக் குறைத்தன. இரண்டையும் சேர்த்தபோது 28.2தான். விளிம்பில் இருப்பவர்கள் மாத்திரை கேட்டு அடம்பிடிக்க வேண்டாம் என்பதற்கு இது போதும். நோய் வந்துவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் பழைய வாரங்களின் சாயல்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று கவனத்தில் இருக்கட்டும். நடையை நம்பி மருந்தைக் குறைத்திருந்தால், நடை நின்ற அன்றே அந்தக் கணக்கும் கலைந்துவிடும். ஐப்பசி அடைமழையில் பத்து நாள், முழங்கால் வலியில் மூன்று வாரம் என்று நின்றுபோனால், காலைச் சர்க்கரை மூன்றாவது நாளிலிருந்து ஏறத் தொடங்கலாம். மழைக்காலத்துக்கு ஹாலிலிருந்து அடுக்களைவரை எத்தனை தடவை நடந்தால் பதினைந்து நிமிடம் என்று இப்போதே எண்ணி வையுங்கள். காலே வைக்க முடியாத நிலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைக்குப் பயிற்சி செய்துகொண்டு, ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் "நடக்க முடியவில்லை, அளவைப் பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.